செம்மணல் தேரி

திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் தலை நனைத்து, முருகனைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். சில கிலோமீட்டர் மேற்கே, காயாமொழியைத் தாண்டி விரிந்து கிடக்கும் தேரிக்காட்டை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. செக்கச்செவேலென்ற மணல்மேடுகள், இடையிடையே பனை, முந்திரி, உடைமரம். ஆனி ஆடிக் காற்றில் நேற்றைய வண்டித்தடம் இன்றைக்கு இருக்காது.

அந்த மணலில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் குவார்ட்ஸ் பருக்கைகள்தான், இயல்பில் நிறமற்றவை. சிவப்பு முழுக்க மேல்தோல். இந்தக் கடற்கரை மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்திருக்கின்றன. அலை வாரிவிட்ட கரையில் கறுப்பும் இளஞ்சிவப்புமாகக் கோடு கோடாகத் தெரிவது அவைதான். இரண்டிலும் இரும்பு உண்டு. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து காயும்போது அந்த இரும்பு மெல்லக் கசிந்து, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஹேமடைட் என்ற துருவாகப் பருக்கைகளின் மேல் படிகிறது. ஆய்வகத்தில் கடும் அமிலத்தில் ஊறவைத்தால் சிவப்பு கரைந்து, வெளிறிய மணல் மிஞ்சும்.

இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். அப்போது வெளிப்பட்ட கடலடி மணலைக் காற்று அள்ளி வந்தது என்பது ஒரு கட்சி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சீறிவரும் தென்மேற்குப் பருவக்காற்று உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக் கொட்டியது என்பது இன்னொரு கட்சி. இன்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவது அதே காற்றுதான். இரண்டுமே நடந்திருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

காலத்தைக் கணிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. மணற்பருக்கை புதைந்துவிட்டால், சுற்றியுள்ள கதிரியக்கத்தின் ஆற்றல் சிறுகச் சிறுக அதற்குள் சேரும். வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு காலி. ஆகவே இருட்டில் தோண்டியெடுத்து, ஆய்வகத்தில் ஒளியைப் பாய்ச்சி, அது பதிலுக்கு உமிழும் ஒளியை அளந்தால், அந்தப் பருக்கை கடைசியாகச் சூரியனைப் பார்த்தது எப்போது என்று சொல்லிவிடலாம். தேரி மணலில் ஒரு பகுதிக்கு இப்படிக் கிடைத்த விடை சுமார் 11,000 ஆண்டுகள்.

மனிதர்களும் இங்கே இருந்திருக்கிறார்கள். சாயர்புரம் பக்கத்துத் தேரியில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் நுண்கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பிறகு சாய்னரும் ஆல்ச்சினும் இந்த வட்டாரத்துத் தேரிகளை ஆராய்ந்து 1956இல் எழுதினார்கள். நகக்கண் அளவுக் கல்சில்லுகள். குச்சியில் பதித்தால் அம்பும் கத்தியும் ஆகும்.

தேரியைப் பாலைவனம் என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை. பெய்யும் மழையை ஓடவிடாமல் அப்படியே குடித்துவிடும் மணல் இது. குடித்ததை எங்காவது தாழ்வான இடத்தில் சுனையாகத் திருப்பித் தருகிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் கொண்டிருப்பது அப்படியொரு சுனையோரத்தில்தான்.

கடலுக்கு அருகிலேயே நாழிக்கிணறு நல்ல தண்ணீர் தருவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. மணலுக்குள் இறங்கும் மழைநீர் உடனே உப்புநீரோடு கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியே கண்டறிந்த கணக்கு இது. கணக்கின் மறுபக்கம் கொஞ்சம் பயங்கரமானது: மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், கீழிருந்து உப்பு காலப்போக்கில் 40 மீட்டர் ஏறிவரும். கடலோரத்தில் போர் போடுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

தெற்கே மணப்பாட்டில் மணல் பாறையாகவே ஆகிவிட்டது. சிப்பித்தூளின் சுண்ணாம்பை மழைநீர் கரைத்து, பருக்கைகளுக்கிடையே மீண்டும் இறுக வைத்ததால் உண்டான குன்று அது. கடல்பக்கம் இறங்கி நின்றால் சாய்வான அடுக்குகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பழைய மணல்மேட்டின் சரிவு. உச்சியில் திருச்சிலுவைக் கோயில். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை இந்தப் பாறையில்தான் இருக்கிறது. திருச்செந்தூரின் வள்ளி குகையும் இதே இனத்துப் பாறைதான். மணப்பாட்டுக்குப் போகும் வழியில் குலசேகரன்பட்டினம். தசராவுக்குப் பேர்போன அந்த ஊரில் 2024இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இங்கிருந்து நேர் தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம்.

வடக்கே கொற்கையில் மணல் வேறு வேலை செய்தது. பாண்டியரின் முத்துத் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட, இன்று வயல் நடுவே ஒரு கிராமம். கொற்கைக்குப் பின் தலையெடுத்த பழையகாயலும் அதே ஆற்றிடம் தோற்றது. தேரியோரத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1870களில் இரண்டு ஊர்களிலும் தோண்டிப் பார்த்தார்.

தேரி பார்க்க மார்கழி, தை வசதி. காலை ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள். வெயில் ஏறினால் செருப்புக்குள்ளும் மணல் சுடும். மணல் பறப்பதைப் பார்க்க ஆசையென்றால் ஆடியில் போகலாம், கண்ணாடி இல்லாமல் வேண்டாம். கல்சில்லு ஏதேனும் கண்ணில் பட்டால் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாத சில்லை வைத்து எந்த ஆய்வாளராலும் காலம் சொல்ல முடியாது.