மலைநாட்டில் ஒரு மொறிஸ் மைனர்

நம்மிடம் ஒரு மோட்டார்க் கார் இருக்கிறது. இதைப் படித்தவுடன் நம்மைப் பெருஞ் செல்வர் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டா. பதுளையில் ஒரு கல்லூரியில் பௌதிகவியல் கற்பித்துப் பிழைக்கும் ஆசிரியர் நாம். நம்முடைய கார் 1958 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த மொறிஸ் மைனர். வயதை நோக்கினால் நமக்குச் சித்தப்பா முறையாகும். "யானையைக் கட்டித் தீனி போடுகிறீரே!" என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. "யானை தானே நடந்து வீடு வந்து சேரும், இதனைத் தள்ளிக்கொண்டல்லவா வரவேண்டியிருக்கிறது!" என்பது நம் இல்லத்தரசியாரின் கட்சி.

நகைப்பு ஒருபுறம் இருக்கட்டும். பதினைந்து ஆண்டுகளாக இந்தக் காரோடு நாம் வாழ்ந்து வருகிறோம். கல்லூரிக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும், மாதம் ஒருமுறை பசறைக்கு அப்பாலுள்ள தோட்டத்தில் வாழும் உறவினரைக் காண்பதற்கும் இதிலேயே சென்று வருகிறோம். பட்டப் படிப்பில் நாம் பெறாத ஒரு பாடத்தை இது நமக்குத் தந்திருக்கிறது. அதனை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் இக்காரைத் திட்டமிடத் தொடங்கினார். 'மொஸ்கிற்றோ', அதாவது நுளம்பு, என்பதே அதற்கு முதலில் வழங்கிய பெயர். மாதிரிக் கார் உருவானபின் அது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அதனை நெடுக்காக இரண்டாக அறுக்கச் செய்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, இடையில் நான்கு அங்குலம் சேர்த்தார். மொறிஸ் மைனரின் பொனற்றின் நடுவே ஓடும் பட்டையான மேடு அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமாக இன்றும் இருக்கிறது.

கம்பனியின் தலைவரான நபீல்ட் பிரபுவுக்கு அதன் உருண்டை வடிவம் பிடிக்கவில்லை. ஓட்டை உடைத்து நீரில் அவித்த முட்டைக்கு ஒப்பிட்டு இகழ்ந்ததாகச் சொல்வர். ஆயினும் 1948 ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் அரங்கேறிய அந்த 'முட்டை', 1960 ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டியது. அவ்வெண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் இதுவே.

அக்காலத்தில் இலங்கைக்கு வந்த கார்களுட் பெரும்பாலானவை பிரித்தானியக் கார்களே. ஊவாத் தோட்டங்களின் பங்களா வாசல்களிலும் மொறிஸும் ஒஸ்டினும் ஹில்மனும் நின்றன. பின்னர் 1960 களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1972 இலும் 1975 இலும் நிறைவேறிய நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் தாயகம் திரும்பினர். கார்கள் இங்கேயே தங்கி, கிளாக்கர்மாரிடமும் டீமேக்கர்மாரிடமும் கடை முதலாளிமாரிடமும் கைமாறின. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, உள்ள காரைச் சாகவிடாமல் காப்பதே ஒரே வழியாக இருந்தது.

காத்தவர்கள் யார்? தோட்டத்துக் கராஜ்களிலும் நகரத்துப் பட்டறைகளிலும் இருந்த கைவினைஞர்கள்தாம். இவர்களுடைய திறமைக்கு ஒரு சான்று கூறுவோம். இங்கிலாந்தில் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்திய சார்ல்ஸ் வெயார் என்பவர், 1990 களில் நம் நாட்டவருடன் கூட்டுச் சேர்ந்து, அக்காருக்கான உடற்தகடுகளை இலங்கையிலேயே செய்வித்தார். காரைப் படைத்த நாட்டுக்கே அதன் உறுப்புக்கள் இங்கிருந்து சென்றன!

மலையும் எஞ்சினும்

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளை ஏறத்தாழ 4,700 அடி. ஹாலி எலை, தெமோதரை, பண்டாரவளை வழியாக இந்த உயரத்தை ஏறவேண்டும். நம் காரின் எஞ்சினோ 948 கன சென்ரிமீற்றர். புதிதாயிருந்த நாளில் அதன் ஆற்றல் 37 குதிரை வலு. மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைகிறது. அதனால் ஹப்புத்தளையை அடையும்போது எஞ்சின் தன் வலுவில் ஏழில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது.

கொதிநிலையும் இறங்குகிறது. கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும் நீர் ஹப்புத்தளையில் 95 பாகையளவிலேயே கொதித்துவிடும். ரேடியேற்றரின் மூடி உள்ளே அமுக்கத்தைக் கூட்டி, நீர் கொதிப்பதைத் தள்ளிப்போடுகிறது. மூடியின் றப்பர் வளையம் பழுதானால் பாதி மலையில் ஆவி பறக்கும். இருபது ரூபா பெறாத வளையத்துக்காக எஞ்சினையே இழந்தவர்களை நாம் அறிவோம்.

இறக்கம் ஏற்றத்தினும் கடிது. பழைய உருளை பிரேக்குகள் தொடர்ந்து மிதிக்கப்பட்டால் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகவே, எந்தக் கியரில் மலையை ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும். எஞ்சினே காரைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக்கைத் துணைக்கு மட்டுமே அழைக்கவேண்டும். பெரகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்குவோர்க்கு இது வேதவாக்கு.

காலை வழிபாடு

நாள்தோறும் காலையில் பொனற்றைத் திறந்து எண்ணெயும் நீரும் பார்ப்பது நம் வழக்கம். பின் சாவியைத் திருப்பியதும் மின்சாரப் பெற்றோல் பம்ப் 'டிக், டிக்' என ஒலிக்கவேண்டும். ஒலிக்காவிடில் அதன் தொடுமுனைகள் கரிபிடித்துவிட்டன என்பது பொருள். ஸ்பெனரின் பிடியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினால் உயிர் வரும். ஒருநாள் பதுளைப் பஸ் நிலையத்துக்கு அருகே இவ்வாறு தட்டிக்கொண்டிருந்தபோது, "சேர், இன்னும் கொஞ்சம் பலமா!" என்று நம் மாணவர்களே ஊக்கமளித்தார்கள்.

இன்னொருமுறை ஒரு கராஜில் புதுப் பட்டரி பொருத்தினோம். இக்காலக் கார்களில் பட்டரியின் எதிர்முனை உடலோடு இணைக்கப்படும். நம் காரிலோ நேர்முனை இணைக்கப்படும். இதை அறியாத இளைஞர் மாற்றிப் பொருத்திவிட்டார். அருகில் நின்ற நாமும் கவனிக்கவில்லை. மின்னியல் கற்பிக்கும் ஆசிரியருக்கு இது பெருமையன்று.

அப்பா படித்த பள்ளிக்கூடம்

கார் வைத்திருப்பதற்கு உண்மையான காரணத்தை இனிச் சொல்லவேண்டும். நம் தந்தையார் தோட்டத்து டிரைவர். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு அவர் கல்வி நின்றது. பதினைந்து வயதில் தோட்ட லொறியின் கிளீனராகச் சேர்ந்தார். ஏற்றத்தில் லொறி நின்றுவிட்டால் பாய்ந்து இறங்கிப் பின் சில்லுக்குக் கட்டை போடுவது அவர் வேலை. பின்னர் டிரைவராகி, சின்னத் துரையின் மொறிஸ் மைனரையும் ஓட்டினார், பராமரித்தார், ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டார். ஆனால் அதன் பின் இருக்கையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை.

எந்த நாளில் எதற்குக் கிறீஸ் இட்டார், எப்போது எண்ணெய் மாற்றினார் என்பதையெல்லாம் கராஜின் சுவரில் கரிக்கோடுகளாகக் கீறி வைத்திருப்பார். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லுவார். இக்காரின் முதலாம் கியர் எளிதில் விழாது. கிளச்சை ஒருமுறை மிதித்து விட்டு, எஞ்சின் வேகத்தைச் சற்றே கூட்டி, மறுமுறை மிதித்துப் பற்சக்கரங்களின் வேகம் ஒத்துவரும் கணத்தில் கியரைத் தள்ளவேண்டும். அந்தக் கணத்தை நாம் சூத்திரத்தால் விளக்குவோம். அவர் உள்ளங்கையால் அறிவார்.

ஹாலி எலையில் ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவரிடம் இக்காரை வாங்கி வந்த அன்று, பின் கதவைத் திறந்து, "அப்பா, இன்றைக்கு நீங்கள் பின்னால் அமருங்கள்" என்றோம். சற்று நேரம் அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். "பின்னால இருந்தா எஞ்சின் சத்தம் சரியா கேக்காது தம்பி" என்றார்.

நாம் செய்த பிழை

காரின் முன் சில்லுகளைத் தாங்கித் திருப்பும் நிலைத்தண்டின் அடியில் 'ட்ரனியன்' என்றொரு பூட்டு உண்டு. திருகாணி போன்ற அதன் புரிகளின்மேல் காரின் முன்பாரம் தங்கியிருக்கிறது. கிறீஸ் இன்றேல் இரும்பை இரும்பு தின்னும். மாதம் ஒருமுறை அதற்குக் கிறீஸ் இடவேண்டும் என்பது அப்பா விதித்த விதி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அப்பா காய்ச்சலால் தோட்டத்து உறவினர் வீட்டில் தங்கிவிட்டார். நமக்கோ பரீட்சைத் தாள்கள் மலைபோற் குவிந்திருந்தன. 'அடுத்த ஞாயிறு பார்ப்போம்' என்று ஐந்து மாதங்கள் போயின. திருப்பங்களில் இடப் பக்கத்தில் 'கடக்' என்றொரு ஒலி கேட்டது. பாதையின் பள்ளமென்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை மகளோடு கொஸ்லந்தை வரை போய்த் திரும்பினோம். மறுநாட் காலை வீட்டுப் படலையில் காரைத் திருப்பியபோது முன் இடச் சில்லு மடிந்து உள்ளே விழுந்தது. காரின் மூக்கு மண்ணைத் தொட்டது. நடக்கும் வேகத்திலும் குறைவாகவே போய்க்கொண்டிருந்தபடியால் யாருக்கும் காயமில்லை. ஆனால் அதே சில்லின்மேல் முந்திய நாள் பெரகலைத் திருப்பங்களில், ஒருபுறம் பாதாளம் இருக்க, மகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். அதை எண்ணியபோது கைகால்கள் நடுங்கின.

செய்தி கேட்டு அப்பா வந்தார். கழன்ற பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். புரி தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. பேத்தி உரக்கப் படிக்கும் பாடங்களைத் திண்ணையிலிருந்து கேட்கும் பழக்கம் அவருக்கு உண்டு. "பிள்ளைங்களுக்கு உராய்வுனு படிச்சுக் குடுக்கிறது நீதானே தம்பி?" என்று மட்டும் கேட்டார். இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் அதைவிடக் கடினமான வினாவை யாரும் நம்மிடம் கேட்டதில்லை.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடிப் புதிய பூட்டுக்கள் இரண்டு வாங்கி வந்து, பட்டறைப் பாஸைக்கொண்டு பொருத்தினோம். முன் இருக்கைகளுக்குப் பாதுகாப்புப் பட்டிகளும் போட்டோம். பழைய காரில் விபத்தைத் தாங்கும் வசதிகள் இல்லை. அதை வைத்திருப்போர்க்குக் காதல் மட்டும் போதாது, பொறுப்பும் வேண்டும்.

பஞ்சத்தில் கண்டது

2020 இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 ஆம் ஆண்டு வரை கதவு திறக்கவில்லை. 2022 ஜூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. வரிசைகளில் மக்கள் இரவு பகலாகக் காத்திருந்தனர். பின்னர் கியூ.ஆர். முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வரையறுத்தார்கள். அக்காலத்தில் நம் கார் பல வாரங்கள் கொட்டகையில் நின்றது. நாம் கல்லூரிக்கு நடந்தோம்.

நின்ற காரைத்தான் அதிகம் பேணவேண்டும் என்றார் அப்பா. வாரந்தோறும் காரை அரைச் சில்லுத் தூரம் நகர்த்தி, டயர் ஒரே பக்கம் அழுந்தாமற் பார்த்தோம். பட்டரியைக் கழற்றி வைத்தோம். அந்த ஓய்வு நாட்களிலேதான் நம் மகள் கிறீஸ் கன்னைக் கையில் எடுத்தாள். முதல் நாள் முகமெல்லாம் கரி. இரண்டாம் மாதம் எல்லா நிப்பிள்களும் அவளுக்கு மனப்பாடம்.

இப்போது அப்பாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறன்று கொட்டகை வாசலில் முக்காலி போட்டு அமர்ந்துகொள்வார். மகள் காரின் கீழிருந்து "ஒன்று, இரண்டு" என்று சொல்லிவர, அவர் விரல்விட்டு எண்ணுவார். ஒன்று தவறினாலும் விடமாட்டார். தேதியை அவள் கைத்தொலைபேசியில் குறித்துக்கொள்கிறாள்; தாத்தாவின் மனம் நோகாதிருக்கச் சுவரிலும் ஒரு கரிக்கோடு கீறுகிறாள்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டங்களிலும் நகரங்களிலும் நம் முன்னோர் பலர் எஞ்சினையும் தேயிலை இயந்திரத்தையும் கையாலும் காதாலும் அறிந்திருந்தனர். அவ்வறிவுக்கு யாரும் சான்றிதழ் வழங்கவில்லை. அது எந்தப் புத்தகத்திலும் ஏறவுமில்லை. அவர்களோடு அது போய்விட்டால் மீட்பதற்கு வழியில்லை. உங்கள் வீட்டில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருப்பின், இந்த ஞாயிறே அவரருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். முடிந்தால் அவர் முன்னிலையில் கையாற் செய்து பாருங்கள். 'அடுத்த ஞாயிறு பார்ப்போம்' என்று மட்டும் இருந்துவிட வேண்டா. அவ்வாறு இருந்ததன் விலையை நம் வீட்டுப் படலையில் நாம் கண்டோம்.