மான் பார்க்கப் போனேன், நடக்கக் கற்றேன்

"தினம் நடக்கணும்மா" என்று டாக்டரம்மா சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். எங்கள் மேலப்பாளையத்துச் சந்துகளில் எங்கே போய் நடப்பது? பீடித்தட்டை மடியில் வைத்தால் பொழுது சாய்கிற வரை உட்கார்ந்த இடம்தான். 36 வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது.

முழுப் பரீட்சை லீவில் மகளோடு சென்னைக்கு, அடையாற்றிலுள்ள லாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். "வா புள்ள, மான் பார்த்துட்டு வரலாம்" என்று லாத்தா கிண்டிக்கு அழைத்துப் போனாள்.

ஒரு காலத்தில் கவர்னர் மாளிகையைச் சேர்ந்த காடு அது. 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் பஸ் இரைச்சல். உள்ளேயோ புள்ளிமான், நரி, கீரி, நட்சத்திர ஆமை! முறுக்கிய கொம்புள்ள வெளிமானுக்குத் திறந்த புல்வெளிதான் பிடிக்கும். புதர் மண்டினால் அதற்கு இடம் குறைந்துவிடும். காட்டுக்குள் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. சிறுவர் பூங்காப் பக்கம்தான் நமக்கு.

மகள் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள். லாத்தா பதறித் தடுத்தாள். "வேண்டாம்மா! பையையும் சேர்த்துத் தின்னுடும். அது வயித்துல அடைச்சுக்கிட்டா மான் செத்தே போகும்."

மர நிழலில் ஒன்றரை மணி நேரம் நடந்திருக்கிறேன். கால் வலி ஞாபகமே இல்லை!

சாயங்காலம் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை. ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல்கூட இடுமாம். நாய்களிடமிருந்து காக்க, தொண்டர்கள் அவற்றை எடுத்து வேலிக்குள் புதைத்துப் பாதுகாக்கிறார்கள். சுமார் 45 நாளில் குஞ்சு பொரிக்கும். தெரு விளக்கைப் பார்த்தால் குஞ்சுகள் கடலை விட்டு ஊர்ப்பக்கம் ஊர்ந்துவிடும். அன்று உள்ளங்கையளவுகூட இல்லாத குஞ்சுகள் அலையை நோக்கிப் போனதைப் பார்த்தேன். 'இத்தனூண்டு ஜீவன் நடக்குது, நமக்கென்ன?' என்று தோன்றியது.

நீங்களும் போவதானால், சகோதரிகளே, சில குறிப்புகள்: கிண்டிக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையிலேயே போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீடு திரும்பியதும் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்திருங்கள். மயக்கமாக வந்தால் உதவும்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு மாமியைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் பாளையங்கால்வாய் ஓரமாக அரை மணி நடக்க ஆரம்பித்தேன். இப்போது நாங்கள் நான்கு பேர். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன என்றார் டாக்டரம்மா. மாத்திரையை நிறுத்தவில்லை, அதை அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் போன தடவை சோதனைச் சீட்டைப் பார்த்து, முதல் முறையாக அவர் சிரித்தார்!