தங்கவயலில் யார் உறுப்பினர்?

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற சுரங்கக் கம்பெனி 1880-இல் கோலார் தங்கவயலில் காலூன்றியது. ஐந்தே ஆண்டில், 1885-இல், ஐரோப்பிய அதிகாரிகளுக்கென்று ஒரு கிளப் எழுந்துவிட்டது. கூடவே கோல்ஃப் மைதானமும் வந்தது. ஆள் சேர்க்கும் கவலை அந்தக் கிளப்புக்கு இருந்ததில்லை. தோலின் நிறமும் பதவியும்தான் அங்கே சந்தா. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து, மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் லைன் வீடுகளில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருந்த தமிழ்த் தொழிலாளி அந்த வாசலைத் தாண்டினால் வேலையாளாகத்தான் தாண்ட வேண்டும். அங்கே அவன் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்?

அவன் பேச வேறு இடம் இருந்தது. தங்கவயல் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். சாதியை எதிர்த்த பௌத்த அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் ஒரு பைசா விலையில் தொடங்கிய தமிழன் இதழ் இந்த லைன்களுக்கு வந்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்த சங்கங்கள் கூடின. எழுதப் படிக்கத் தெரிந்தவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு கேள்விகள் கிளம்பும். சாதி எப்படி வந்தது, சாத்திரத்தை எழுதியவர் யார், கம்பெனி ஏன் இப்படி நடத்துகிறது என்று கேட்கலாம். வாசகர்களின் சந்தேகங்களைப் பண்டிதர் இதழிலேயே அச்சிட்டுப் பதில் எழுதினார். சென்னையில் நின்றுபோன அந்த இதழை 1926-இல் தங்கவயலிலிருந்தே பண்டிதர் அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார். பாதாளத்தில் பாறை வெடிப்புக்குப் பயந்து வேலை செய்துவிட்டு மேலே வந்த மனிதன், கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்டான் என்பது சாதாரண விஷயமில்லை. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் சுரங்கத்தை நிறுத்தினார்களே, அந்தத் துணிவுக்கு இப்படிக் கேட்டுப் பழகிய நாவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தங்கவயலில் கார்ட்டிங்குக்கு, அதாவது குட்டிப் பந்தய வண்டி ஓட்டுவதற்கு, ஒரு கழகம் தொடங்குவதைப் பற்றி யோசிக்கும்போது கிளப், சங்கம் என்ற இந்த இரண்டு வாசல்களும் நினைவுக்கு வருகின்றன. மோட்டார் பந்தயமும் முதலில் வசதி படைத்தவர்களின் வாசல்தான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் பிறந்தது. சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. கூட்டம் திரண்டு வந்து பார்த்தது, ஆனால் வண்டி வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதை மாற்ற முனைந்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்து, குறைந்த செலவில், ஒரே மாதிரியான பந்தய வண்டிகளைச் செய்து இளைஞர்கள் கையில் கொடுத்தார். அந்த வண்டி ஓட்டிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். புது ஆள் வர வேண்டுமானால் விளம்பரத்துக்கு முன்னால் செலவைக் குறைக்க வேண்டும் என்பதற்குக் கரிவரதனைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இன்று பெங்களூரில் கார்ட்டிங் தளங்களுக்குப் போனால் யாரும் சாதி கேட்பதில்லை, பதவி கேட்பதில்லை. பணம் கட்டு, ஹெல்மெட் மாட்டு, சில சுற்று ஓட்டு, இறங்கு. வாசல் திறந்திருக்கிறது. ஆனால் ஓட்டியவர் வாடிக்கையாளர், உறுப்பினர் இல்லை. வண்டி ஏன் திருப்பத்தில் இழுக்கிறது என்று அவர் கேட்பதற்குள் அடுத்த ஆள் ஏறிவிடுகிறார்.

கார்ட் என்பது ஆட்கள் கூடிப் பேசியே ஆக வேண்டிய வண்டி. அதற்கு சஸ்பென்ஷன் கிடையாது, டிஃபரென்ஷியலும் கிடையாது. பின்னச்சு ஒரே தண்டு. திருப்பத்தில் உள்பக்கப் பின்சக்கரம் கொஞ்சம் தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதைத் தூக்கிவிடுவது வண்டிச் சட்டகத்தின் வளைவு, முன்சக்கரங்களின் இடைவெளி, ஓட்டுபவர் உட்காரும் இடம். முன்பக்கம் வழுக்குகிறது என்று ஓட்டுபவர் சொல்ல வேண்டும். இடைவெளியை அகட்டிப் பார்ப்போம் என்று மெக்கானிக் சொல்ல வேண்டும். டயர் காற்றைப் பார்த்தாயா என்று மூன்றாமவர் கேட்க வேண்டும். மூத்தவர் தப்பாகச் சொன்னால் நேற்று சேர்ந்த பையன் மறுக்கவும் வேண்டும். கடிகாரம் யார் பக்கம் என்று அடுத்த சுற்றிலேயே தெரிந்துவிடும்.

இதற்கான கைகள் தங்கவயலில் உண்டு. சுரங்கப் பட்டறைகளில் பிட்டராகவும் டர்னராகவும் வெல்டராகவும் இருந்தவர்களின் பிள்ளைகள் வாழும் ஊர் இது. பி.இ.எம்.எல். ஆலை 1960-களிலிருந்து மண் அள்ளும் இயந்திரங்களைச் செய்யும் ஊர். 1956-இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் முதல் கார்ட்டைச் செய்தபோது பயன்படுத்தியது ஒரு புல்வெட்டி எஞ்சினைத்தான். குழாயை வளைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவனுக்குப் புரியக்கூடிய பொருள் அது.

இல்லாதது நேரம். 2001-இல் சுரங்கம் மூடியபின் ஊரே பெங்களூர் ரயிலில் ஏறிவிட்டது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர் இருட்டிய பிறகு திரும்புகிறார். சங்கத்துக்கு ஆள் வருவதில்லை என்று பெரியவர்கள் வருந்தும்போது, இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அதே இளைஞர்கள் ரயில் பெட்டியில் கிரிக்கெட்டிலிருந்து சம்பளம் வரை குரல் உயர்த்தி வாதாடுகிறவர்கள்தான்.

ஆகவே இங்கே ஒரு கார்ட்டிங் கழகம் தொடங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் தேடக் கூடாது. வண்டி கழகத்துடையதாக இருக்கட்டும். சொந்த வண்டி கேட்டால் இன்னொரு 1885 கிளப்தான் மிஞ்சும். சந்தா ரயில் பாஸ் விலையைத் தாண்ட வேண்டாம். கூட்டத்தில் முதல் பேச்சு தலைவருக்கு வேண்டாம், அந்த வாரம் புதிதாகச் சேர்ந்தவருக்கும் வண்டியைக் கழற்றிப் பூட்டியவருக்கும் போகட்டும். அண்ணன் சொன்னது சரியில்லை என்று தம்பி சொல்லும்போது, ஏன் என்று அண்ணன் கேட்டாக வேண்டும்.