வேட்டுவாளி

வேட்டுவாளி என்பது வீட்டுச் சுவர், உத்தரம், பட்டறைக் கருவிகள் முதலியவற்றில் மண்கூடு கட்டும், தனித்து வாழும் குளவி ஆகும். இதற்கு அரசியோ வேலைக்காரக் குளவிகளோ இல்லை. இந்தியாவில் காணப்படும் ஓர் இனத்துக்கு, மதராசப்பட்டினத்தை ஒட்டி மதராஸ்பட்டானம் என ஃபாப்ரிசியஸ் 1781 இல் பெயரிட்டார்.

கூடு

பெண்குளவி ஈரமண்ணை உருட்டி எடுத்து வந்து அறைகளை அமைக்கிறது. ஒவ்வோர் அறையிலும் ஒரு முட்டையையும், கொட்டி முடக்கிய இரையையும் வைத்து மண்ணால் மூடுகிறது. சில இனங்கள் சிலந்திகளையும், வேறு சில பச்சைப் புழுக்களையும் பிடிக்கின்றன. முடக்கப்பட்ட இரை அசையாவிடினும் உடனே இறப்பதில்லை; ஆதலால் அழுகுவதில்லை. முட்டையிலிருந்து வரும் குடம்பி இரையை உண்டு, கூட்டுப்புழுவாகிப் பின் குளவியாக மண்ணைத் துளைத்து வெளியேறுகிறது.

நம்பிக்கையும் உண்மையும்

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலாக்கும் என்பது பழைய நம்பிக்கை. குருவருளால் சீடன் மாறுவதற்குச் சமய நூல்கள் இதை உவமையாகக் கூறின. புழு உள்ளே சென்றதும் குளவி வெளியே வந்ததும் சரியாகக் காணப்பட்டவையே. ஆனால் அப்புழு குளவியாக மாறவில்லை. குளவியின் குடம்பிக்கு உணவாயிற்று.

மனிதரும் வேட்டுவாளியும்

கூட்டைக் காக்கத் திரண்டு வந்து தாக்கும் இயல்பு வேட்டுவாளிக்கு இல்லை. கையால் பிடித்தாலோ நசுக்கினாலோ அன்றி மனிதரைக் கொட்டுவது அரிது.