மாலையில் தாழும் இமை

காலையில் துணிக்கடை திறக்கும்போது அங்கே வேலை பார்க்கும் பெண்ணின் முகத்தில் எந்தக் குறையும் இல்லை. மாலை நான்கு மணிக்கு ஒரு கண்ணிமை தாழ்கிறது. பிரித்துப் போட்ட புடவை இரண்டாகத் தெரிகிறது. இரவுச் சாப்பாட்டில் பாதிச் சோற்றிலேயே தாடை ஓய்ந்துபோகிறது; கையால் முட்டுக்கொடுத்து மெல்ல வேண்டியிருக்கிறது. விடிந்தால் எல்லாம் சரி. பார்ப்பவர்கள் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

இது மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற அரிய நரம்பு-தசை நோயாக இருக்கலாம். நரம்பின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் வாயிலை உடலின் எதிர்ப்பு சக்தியே தவறாகத் தாக்குகிறது. அதனால் உழைக்க உழைக்கத் தசை தளரும், ஓய்வெடுத்தால் தேறும். ஜூன் மாதம் இந்நோய்க்கான விழிப்புணர்வு மாதம்.

எது ஆபத்து?

படுத்தால் மூச்சு முட்டுவது, தண்ணீர் விழுங்கும்போது புரையேறுவது, பேசப் பேசக் குரல் தேய்வது. இவை தீவிரமானால் உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சுத் தசைகள் தளர்ந்தால் வென்டிலேட்டர் தேவைப்படலாம்.

சில மருந்துகளும் நோயைக் கிளறிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின், மெக்னீசியம் ஊசி ஆகியவை அவற்றில் சில. காய்ச்சலுக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கும் பழக்கம் இந்நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. பல் பிடுங்கப் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

என்ன சிகிச்சை?

நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையும் நரம்புத் தூண்டல் சோதனையும் நோயை உறுதிசெய்ய உதவும். பைரிடோஸ்டிக்மைன் மாத்திரை, ஸ்டீராய்டு, சிலருக்குத் தைமஸ் சுரப்பி நீக்கம் என வழிகள் உண்டு. நெருக்கடியில் இம்யூனோகுளோபுலின் அல்லது பிளாஸ்மா மாற்றம் உயிர் காக்கும். முறையான சிகிச்சையில் பெரும்பாலோர் இயல்பாக வாழ்கிறார்கள்.

என்ன உரிமை?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளும் அடங்கும். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் உயர்கல்வியில் இடஒதுக்கீடு கோரலாம். பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டது என்பதற்காக அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது. கடையில் நிற்பவர்களுக்கும் ஒரு காப்பு உண்டு: 2021-இல் திருத்தப்பட்ட தமிழ்நாடு கடைகள் சட்டப்படி, ஊழியர்கள் உட்கார இருக்கை தருவது முதலாளியின் கடமை.

மருத்துவரும் சான்று வழங்கும் குழுவும் பெரும்பாலும் காலையில்தான் பார்ப்பார்கள். நோயோ மாலையில்தான் முகம் காட்டும். ஆகவே இமை தாழும் நேரத்தில் செல்போனில் படம் எடுத்து, மருத்துவ அறிக்கைகளோடு கொண்டுசெல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் மாலையானால் தளர்ந்துபோகிறார் என்றால், திட்டுவதற்கு முன் அவர் கண்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.