முள்ளிக்குளம் வரை வரும் சினிமா

மன்னார் நகரிலிருந்து தெற்கே, சிலாவத்துறையையும் தாண்டி, வில்பத்துக் காட்டின் ஓரத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது முள்ளிக்குளம். 2007இல் போர்க்காலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட மக்களில் பலர் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் தங்கி வாழ்ந்தார்கள். 2017இல் அவர்கள் நடத்திய தொடர் போராட்டத்துக்குப் பிறகே தன் வசமிருந்த அவர்களின் நிலத்தில் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. ஃபைபர் கம்பி முதலில் நகரங்களைத் தேடித்தான் போகும். இப்படிச் சிதறிக் கிடக்கும் கரையோரக் குடியிருப்புகளுக்குச் சினிமா வந்து சேருவது பெரும்பாலும் கைபேசிக் கோபுரம் வழியாகவும், ரீலோட் செய்த டேட்டா வழியாகவும்தான்.

4கே தரம் என்று ஓடிடி சேவைகள் விளம்பரம் செய்கின்றன. அந்தத் தரம் இங்குள்ள கைபேசிக்கு வந்து சேருமா? சேர வேண்டிய தேவைதான் இருக்கிறதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு எச்டி படத்தின் ஒரு சட்டகத்தில் 1,920 பெருக்கல் 1,080 என்று ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட். செக்கனுக்கு 24 சட்டகங்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் செக்கனுக்குச் சுமார் 1,200 மெகாபிட் வருகிறது. முழு எச்டிக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகமோ வெறும் 5 மெகாபிட். 240இல் ஒரு பங்கு.

மீதியைக் கழித்துக்கட்டுவது கோடெக் எனப்படும் சுருக்கும் நிரல். முன் சட்டகத்தில் இருந்த சுவரும் வானமும் அடுத்த சட்டகத்திலும் அப்படியே இருந்தால், அவற்றை மறுபடி அனுப்புவதில்லை. மாறியதை மட்டும், அதுவும் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்பாக அனுப்புகிறது. இருவர் உட்கார்ந்து பேசும் காட்சி இதற்கு மிக எளிது. மிகக் கடினமானது கடல். அலையின் ஒவ்வொரு மினுக்கமும் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவதால் முன்னதை வைத்துப் பின்னதை ஊகிக்க முடியாது. சிக்னல் குறைந்த நேரத்தில் ஒரு படகுக் காட்சியை உற்றுப் பார்த்தால் இது தெரியும்: வள்ளத்தில் இருப்பவரின் முகம் ஓரளவு தெளிவாக இருக்கும், சுற்றியுள்ள தண்ணீர் சதுரம் சதுரமாக உடைந்திருக்கும். மழையும் திருவிழாக் கூட்டமும் அப்படித்தான். எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு பிட் என்ற முறையை விட்டு, படத்துக்குப் படம் தனியாகக் கணக்கிடும் முறையை 2015இல் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது இதனால்தான்.

கோடெக்குகளும் தலைமுறை தலைமுறையாகத் தேறி வருகின்றன. 2003இல் வந்த எச்.264 இன்னும் பரவலாக ஓடுகிறது. 2018இல் வெளியான ஏவி1 அதைவிட மிகக் குறைந்த டேட்டாவில் அதே தெளிவைத் தரக்கூடியது. 2020இல் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு நெட்ஃபிளிக்ஸ் அதைக் கொண்டுவந்தது.

சுருக்கிய படம் முழுசாக ஒரே கோப்பாக வருவதில்லை. சில செக்கன் நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சேவையகத்தில் வைத்திருப்பார்கள். போன துண்டு எவ்வளவு வேகமாக வந்தது, கையிருப்பில் இன்னும் எத்தனை செக்கன் படம் இருக்கிறது என்று பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்பதைக் கைபேசியே முடிவு செய்கிறது. இரவு எட்டு மணிக்கு ஊரே இணையத்தில் இருக்கும்போது ஒரே கோபுரத்தின் கொள்ளளவை எல்லோரும் பங்கிட வேண்டும். படம் மங்குவதும் வட்டம் சுற்றுவதும் அப்போதுதான்.

அடுத்தது கண். நல்ல பார்வையுள்ளவர்களால் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு வரையே பிரித்துப் பார்க்க முடியும். முகத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்தில் அது 0.09 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. 13 சென்ரிமீற்றர் நீளத் திரையில் சுமார் 1,500 புள்ளிகளுக்கு மேல் இருந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 720 தரத்தில் 1,280 புள்ளிகள், முழு எச்டியில் 1,920. கைபேசியில் 4கேயின் 3,840 புள்ளிகளுக்குக் காசு கொடுப்பது வீண்.

டேட்டாக் கணக்கும் அதையே சொல்கிறது. நெட்ஃபிளிக்ஸ் தரும் அளவுப்படி சாதாரணத் தரத்துக்கு மணிக்கு 1 ஜிபி வரை, எச்டிக்கு 3 ஜிபி வரை, 4கேக்கு 7 ஜிபி வரை செலவாகும். கைபேசிச் செயலியின் டேட்டா சேமிப்பு அமைப்பில் 1 ஜிபியில் ஏறத்தாழ 6 மணி நேரம் பார்க்கலாம்.

படத்தின் தரத்தை இப்படிப் பார்ப்பவரே ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளலாம். எந்தப் படம் கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் 130 நாடுகளுக்கு விரிந்தபோது இலங்கைக்கும் வந்தது. ஆனால் உரிமம் நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுகிறது. இணைய முகவரியை வைத்து நாட்டை அறிந்து அதற்குரிய பட்டியலையே காட்டுகிறார்கள். சிம்ப்ளி சவுத் போன்ற சேவைகள் இந்தியாவுக்கு வெளியே உள்ளவர்களுக்காகவே தமிழ்ப் படங்களின் உரிமத்தை வாங்குகின்றன. ஒரே குடும்பத்தில் சென்னையில் இருப்பவருக்கும் ரொறன்ரோவில் இருப்பவருக்கும் மன்னாரில் இருப்பவருக்கும் ஒரே படம் வெவ்வேறு சேவையில் கிடைப்பது இதனால்தான்.

இன்னும் பெரிய இடைவெளி ஒன்று உண்டு: பழைய இலங்கைத் தமிழ்ப் படங்கள். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ மீனவர் வாழ்க்கையைச் சொன்ன படம். மன்னார் தீவின் பேசாலையில் அதன் படப்பிடிப்பு நடந்தது. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானது. இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகளும் அந்த நாட்களில் அழிந்தன. பிரதியே இல்லாத படத்துக்கு எந்தக் கோடெக்கும் உதவாது. எஞ்சியிருக்கும் பிரதிகளையாவது தேடி, எண்ணிம வடிவாக்கி, உரிமத்தைத் தெளிவுபடுத்தி வைக்கத் திரைப்படக் கூட்டுத்தாபனமும் பல்கலைக்கழகங்களும் முன்வர வேண்டும்.

சந்தா கட்டும் முன் வாசகர்கள் மூன்றைப் பாருங்கள்: நீங்கள் பார்க்க விரும்பும் படங்கள் இலங்கைப் பட்டியலில் உள்ளனவா, கைபேசிக்கு மட்டுமான மலிவுத் திட்டம் உண்டா, தரவிறக்கி வைத்துப் பார்க்கும் வசதி உண்டா. மூன்றுக்கும் ஆம் என்றால், நெரிசல் குறைந்த பின்னிரவில் 720 தரத்தில் இறக்கி வையுங்கள். கரையோரக் கைபேசிக்கு அது போதும்.