வரவுக் கணக்கில் கரையும் சுரங்கம்

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் கள்ளக்குறிச்சி மாவட்டத்து வயல்களுக்குப் பாய்ந்துவிட்டு, விருத்தாசலம் பக்கம் இறங்கி வெள்ளாற்றோடு சேர்கின்றன. அந்த வெள்ளாற்றுச் சமவெளியை ஒட்டியுள்ள நெய்வேலியில்தான், 1956-ல் தொடங்கப்பட்ட என்.எல்.சி. இந்தியா நிறுவனம் பழுப்பு நிலக்கரிக்காக மண்ணைத் தோண்டி, நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டிருக்கிறது. தென்னிந்தியாவின் மிகப் பெரிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத் தொழில் அது. அந்தச் சுரங்கங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு ஈட்டுகின்றன, அதில் இந்தப் பகுதிக்கு என்ன வருகிறது என்று ஒருவர் நிறுவனத்தின் காலாண்டு முடிவுகளைப் புரட்டினால் விடை கிடைக்காது. எண்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் வேறு யாரோ கேட்ட கேள்விக்காக அடுக்கப்பட்ட எண்கள் அவை.

பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் தொழிலைப் பிரிவு பிரிவாகக் காட்ட வேண்டும் என்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலை 108. மேலிடத்து நிர்வாகம் எந்தப் பிரிவுகளாகத் தொழிலைப் பார்த்து முடிவெடுக்கிறதோ, அதே பிரிவுகளில் முதலீட்டாளருக்கும் காட்டினால் போதும். ஒரு பிரிவு மொத்த வருவாயிலோ லாபத்திலோ சொத்திலோ 10 சதவீதத்தைத் தொட்டால் தனியே காட்ட வேண்டும். இடவாரியாகவும் சொல்ல வேண்டும், ஆனால் நாட்டு அளவில்: உள்நாடு இவ்வளவு, வெளிநாடு இவ்வளவு. எனவே என்.எல்.சி.யின் அறிக்கையில் சுரங்கமும் மின் உற்பத்தியும் பிரிவுகளாக நிற்கின்றன. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் ராஜஸ்தானின் பர்சிங்சர் பழுப்பு நிலக்கரியும் ஒரே தொகைக்குள் போய்விடுகின்றன. இதில் விதிமீறல் ஏதும் இல்லை. குறை விதியிலேயே இருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அட்டவணையின் அடியில் வரும் ஒரு வரி: ‘பிரிவுகளுக்கு இடையிலான வருவாய் கழிக்கப்பட்டது’. நெய்வேலியில் வெட்டியெடுக்கும் நிலக்கரியில் பெரும்பகுதி நிறுவனத்தின் சொந்த மின் நிலையங்களுக்கே போகிறது. சுரங்கப் பிரிவு விற்றதாகவும் மின் பிரிவு வாங்கியதாகவும் எழுதி, ஒரே நிறுவனம் தன்னிடமே விற்றதை வருவாயாகக் காட்டக் கூடாது என்பதால் கடைசியில் கழித்துவிடுகிறார்கள். பங்குதாரருக்கு அது சரிதான். ஆனால் மாநிலத்துக்கு அந்த உள்விலை வெறும் எழுத்துக் கணக்கு அல்ல. பழுப்பு நிலக்கரிக்கான ராயல்டி அதன் விலையில் 6 சதவீதம். 2015-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, பழைய குத்தகைச் சுரங்கங்கள் ராயல்டியில் 30 சதவீதத்துக்கு நிகரான தொகையை, சுரங்கத்தால் பாதிக்கப்படும் பகுதிகளுக்கான மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குத் தர வேண்டும். விலையாக 100 ரூபாய் எழுதினால் ராயல்டி 6 ரூபாய். அறக்கட்டளைக்கு 1 ரூபாய் 80 காசு. நிறுவனத்தின் மொத்த வருவாயில் கழிந்துபோகும் தொகைதான் இந்த இரண்டுக்கும் அடிப்படை. அந்த விலை ஏறினால் நெய்வேலி மின்சாரத்தை வாங்கும் தென் மாநிலங்களின் செலவு ஏறுகிறது. இறங்கினால் சுரங்கப் பகுதியின் பங்கு குறைகிறது. இவ்வளவு பேரைத் தொடும் ஓர் எண், சுரங்கவாரியாக மக்கள் கண்ணில் படாமலிருப்பதை நியாயப்படுத்துவது கடினம்.

சுரங்கவாரிக் கணக்கை வெளியிட்டால் தொழில் ரகசியம் போய்விடும் என்பார்கள். பழுப்பு நிலக்கரியில் ஈரப்பதம் ஏறக்குறைய பாதி, எரிதிறன் குறைவு. தொலைதூரம் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது என்பதால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே மின் நிலையம் கட்டினார்கள். வாங்குபவரும் விற்பவரும் பெரும்பாலும் ஒருவரே. இதில் எந்தப் போட்டியாளர் எதைத் திருடிக்கொள்வார்? தவிர, நிலக்கரி விலையும் நிலையவாரி மின் கட்டணமும் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வுக்கு உட்பட்டவை. ஆணையத்தின் உத்தரவுகளை யாரும் படிக்கலாம். அதாவது நிறுவனத்திடம் கணக்கு தயாராக இருக்கிறது, ஒழுங்குமுறை ஆணையமும் பார்க்கிறது. நூற்றுக்கணக்கான பக்க உத்தரவுகளில் சிதறிக் கிடப்பதை ஆண்டறிக்கையின் ஒரு பக்கத்தில் சேர்த்துத் தரச் சொல்வதுதான் கோரிக்கை.

ஆண்டறிக்கை பங்குதாரருக்கானது, ஊர்க்காரருக்கு அரசு அலுவலகம் இருக்கிறது என்ற வாதம் இதைவிடக் கனமானது. ஆனால் என்.எல்.சி.யின் பெரும்பான்மைப் பங்கு மத்திய அரசுடையது, அதாவது பொதுமக்களுடையது. தனியாரைக்கூடப் பிற நாடுகள் விட்டுவைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2013-லும் கனடா 2014-லும் கொண்டுவந்த சட்டங்கள், சுரங்க நிறுவனங்கள் அரசுகளுக்குச் செலுத்தும் தொகையைத் திட்டவாரியாக வெளியிட வைத்தன. அதனால் சுரங்கத் தொழில் அங்கே படுத்துவிடவில்லை.

கடலூர் மாவட்டத்துச் சுரங்கத்தைப் பற்றிக் கள்ளக்குறிச்சி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தின் கிழக்கு எல்லை கடலூரைத் தொட்டு நிற்கிறது. கனிம அறக்கட்டளை நிதிக்கான 2024-ஆம் ஆண்டின் திருத்திய வழிகாட்டுதல்கள், சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் வரை நேரடியாகவும் 25 கிலோமீட்டர் வரை மறைமுகமாகவும் பாதிப்புப் பகுதியாகக் கொள்கின்றன. தூரம் ஒவ்வொரு சுரங்கத்திலிருந்தும் அளக்கப்படுகிறது. வருவாய் மட்டும் நிறுவனம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. எடுத்த டன், எழுதிய விலை, கட்டிய ராயல்டி, அறக்கட்டளைக்குத் தந்த தொகை, இறைத்த நீர் ஆகிய ஐந்தும் சுரங்கவாரியாக அடுத்த ஆண்டறிக்கையிலேயே தமிழில் வர வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இயக்குநர் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும்.